குளிர் தெரியாத கால்

ஹாஜா நஜ்முதீனுக்குக் காலில் குளிர் தெரியாது. அதை ஏதோ பதக்கம் வாங்கிய மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். டெக்ஸாஸில், ரிச்சர்ட்சனில், ஜனவரி மாதத்தில் நாங்களெல்லாம் பார்க்கிங் லாட்டிலிருந்து ஆபீஸுக்குள் வெடவெடத்துக்கொண்டு ஓடுவோம். இவன் மட்டும் கம்பம் சந்தைக்குக் கிளம்பினவன் போல வெறும் செருப்பில் ஆடி அசைந்து வருவான்.

"என்னப்பா சேனா, கோபிக்காரங்களுக்கு இவ்ளோதானா தெம்பு?" என்று என் ஊரை இழுத்துக் கேலி வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் குளிரவில்லை என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் மனைவி ஷம்சாத்துக்கு எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாகத் தெரியும். சர்க்கரை. பல வருடத்துச் சர்க்கரை அவன் பாதத்து நரம்புகளைத் தின்று முடித்திருந்தது. ஒருமுறை ஷூவுக்குள் ஒரு டிராயிங் பின் கிடந்திருக்கிறது. ஆபீஸில் பகல் முழுக்க அதன் மேலேயே நடந்துவிட்டு வீட்டுக்குப் போனான். கார்ப்பெட்டில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்து அலறியது ஷம்சாத்தான். இந்தக் காலுக்கு வலிக்கத் தெரியாது, யாராவது கண்ணால் பார்த்தால்தான் உண்டு, புண் வந்தாலோ பனியில் விறைத்தாலோ காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம், தொழுகை முடிந்ததும், ஷம்சாத் அவனை சோபாவில் உட்கார வைப்பாள். கைக்கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்து விரல் விரலாகப் பார்ப்பாள். அவன் டிவியில் கண்ணை வைத்துக்கொண்டு, "போதும் விடு, குழந்தையா நானு?" என்பான். நான் அங்கே இருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வான்.

அவன் சுபாவமே அப்படி. யாரும் தன்னைத் தாங்கக் கூடாது, யாரும் தனக்காக எதையும் தளர்த்தக் கூடாது. பதினெட்டு வயதில் கம்பத்திலிருந்து தனியாகச் சென்னைக்குப் போய்ப் படித்து, தனியாகவே டெக்ஸாஸ் வந்து சேர்ந்தவன். டெலிகாம் கம்பெனியில் எல்லோருக்கும் முன்னால் வருவான், எல்லோருக்கும் பின்னால் போவான். உதவி செய்வதில் ராஜா. வாங்கிக்கொள்வதில் மட்டும் கஞ்சன்.

வேட்டை ஆசை அவனுக்கு ஆபீஸில் பிடித்தது. நவம்பர் வந்தால் அமெரிக்கக்காரர்கள் மான் வேட்டைக் கதைகளாகவே பேசுவார்கள். இவனும் ரைஃபிள் வாங்கினான், லைசென்ஸ் வாங்கினான், இரண்டு சீசன் போனான், வெறுங்கையோடு வந்தான். "ராவுத்தர் வீட்டுப் பிரியாணி வாசனைக்கே மான் அடுத்த கவுன்ட்டிக்கு ஓடிப்போயிருக்கும்" என்று நான் வாரினேன். அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். தொண்ணூற்றாறாம் வருடம் வேட்டை உடுப்புகளையெல்லாம் வாசனையில்லாத சோப்பில் துவைத்து, வீட்டுக்குள் கொண்டுவராமல் கராஜிலேயே தொங்கவிட்டான். காற்று எந்தப் பக்கம் அடித்தால் எங்கே உட்காருவது என்று படித்தான். சனிக்கிழமைதோறும் சுட்டுப் பழகினான்.

எல்லாவற்றையும்விடக் கத்திக்குத்தான் அதிக நேரம் செலவழித்தான். பிஸ்மில்லா சொல்லிச் சுட்டாலே போதும், அந்த மான் ஹலால்தான் என்று மசூதியில் பலர் சொன்னார்கள். ஹாஜா கேட்கவில்லை. குண்டு அடித்துக் கொல்கிறது, அறுத்துக் கொல்வதில்லை, உயிர் இருக்கும்போதே போய்க் கத்தி வைக்க வேண்டும் என்பது அவன் ஊரில் கேட்டு வளர்ந்தது.

"ஏங்க, படிச்ச ஆலிம்களே ஆகும்னு சொல்றாங்க. நீங்க ஏன் போட்டு இழுக்கிறீங்க?" என்றாள் ஷம்சாத்.

"அவங்களுக்கு ஆகும். எனக்கு மனசு ஒப்பல. கத்தி வெச்சாத்தான் நான் சாப்பிடுவேன், நாலு வீட்டுக்குக் குடுப்பேன்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவனிடம் யார் பேச முடியும்?

நான் அவனோடு போனதே ஷம்சாத் கெஞ்சியதால்தான். எனக்குக் கறியும் ஆகாது, குளிரும் ஆகாது. டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து அவன் பிக்கப் டிரக்கில் ஏறும்போது, அவள் டிரைவ்வேயில் ஓடிவந்து ஒரு பிளாஸ்டிக் கவரை அவன் பையின் மேலாகத் திணித்தாள். கவரின் வாயை இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டிருந்தாள்.

"சேனாபதி அண்ணே, இதுல கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி இருக்கு. கால் நனைஞ்சா உடனே மாத்தச் சொல்லுங்க. அவருக்குத் தெரியாதுண்ணே. நீங்கதான் கேக்கணும்."

"நீ பயப்படாத அம்மிணி. நான் கேட்டுக்கிட்டே இருக்கறேன்."

ஹாஜா ஹார்னை அடித்தான். "ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு டயப்பர் கட்டி விடுங்க!"

அவள் சிரிக்கவில்லை.

வேட்டைக்கு லீஸ் எடுத்திருந்த பண்ணை தெற்கே பல மணி நேர டிரைவ். ஒரு மரக் கேபின், அதில் ஒரு அடுப்பு, பின்னால் மான் உரிக்கச் சுவரில்லாத ஒரு கொட்டகை. நிலத்துக்காரர் வெய்ன் மறுநாள் காலையில் எங்களைப் பார்த்ததும் முதலில் சொன்னது, மத்தியானம் நார்தர் இறங்கும், அதற்குள் கேபினுக்கு வந்துவிடுங்கள் என்பதுதான். நார்தர் என்றால் வடக்கிலிருந்து திடுதிப்பென்று பாயும் பனிக்காற்று. சட்டையோடு நிற்கிற ஆளைச் சற்று நேரத்தில் விறைக்கவைத்துவிடும்.

நம்பவே முடியவில்லை. காலை அவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தது. பரண் மேல் நாங்கள் இரண்டு பேரும் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆனால் எதுவோ சரியாக இல்லை. ஒரு குருவி கத்தவில்லை. இலை ஆடவில்லை. தூரத்தில் வெய்னின் மாடுகள் அத்தனையும் தெற்கு வேலியோரம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வடக்கே முதுகைக் காட்டி நின்றன. வடக்கு வானத்தின் அடியில் கருநீலமாக ஒரு பட்டை கிடந்தது. மறுபடி பார்த்தபோது அது தடித்திருந்தது. நான் அவன் தோளைத் தட்டினேன்.

"போலாம் ஹாஜா. மாட்டுக்கு இருக்கிற அறிவாவது நமக்கு வேண்டாமா?"

"உஷ்" என்றான். காற்று வருமுன் மான் மேய வரும் என்று படித்திருந்தான். படித்தது பொய்க்கவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம், புதருக்குள்ளிருந்து கிளைக்கொம்போடு ஒரு ஆண்மான் வந்து நின்றது.

"பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று அவன் உதடு அசைந்தது. அடுத்த கணம் என் காது அடைத்துப் போயிற்று. மான் துள்ளியது, தடுமாறியது, ஓடைக்குள் இறங்கி அக்கரை ஏறி, அங்கே புல்லில் முன்னங்கால் மடித்து விழுந்தது. தலை மட்டும் இன்னும் தூக்கியிருந்தது.

ஹாஜா கத்தியோடு பரணிலிருந்து இறங்கி ஓடினான். நான் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினேன். "அந்தப் பக்கம் கல்பாலம் இருக்குடா! டிரக்குல சுத்திப் போயிரலாம்!"

"செத்துரும்டா!"

"செத்தா போகட்டும்! கால நனைக்காத, உனக்குக் கும்பிடு போடறேன்!"

கேட்கிற ஆளா? இறங்கிவிட்டான். நடு ஓடையில் இடது கால் முழங்கால் வரை சேற்றில் புதைந்தது. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துப் பிடுங்கினான். பூட்ஸ் நிறையத் தண்ணீரும் சேறுமாக அக்கரை ஏறி, மானின் தலையைத் திருப்பி, கத்தி வைத்தான். ஒரே இழுப்பு. அது அடங்கும்வரை அதன் கழுத்தருகே கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

"உயிர் இருந்துச்சு சேனா! நான் வந்து சேர்ற வரைக்கும் இருந்துச்சு!"

அப்போதுதான் காற்று வந்தது. முதலில் மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. வேர்வை முதுகில் பனிக்கட்டியாக ஒட்டியது. நான் டிரக்கைக் கல்பாலம் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து மானை ஏற்றுவதற்குள் ஹாஜாவின் பேன்ட் கால்கள் அட்டை போல விறைத்து, நடக்கும்போது சடசடவென்று சத்தம் போட்டன.

"சாக்ஸ மாத்து மொதல்ல" என்றேன்.

"மாத்தறேன்பா. மொதல்ல கறிய கவனிக்கணும்."

"கால் எப்படி இருக்கு?"

"சூப்பரா இருக்கு. குளிரவே இல்ல."

பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். பட்டாலும் தெரியாதவனுக்குப் புத்தி எந்த வழியாக வரும்?

கொட்டகையில் மானைக் கட்டித் தொங்கவிட்டு உரிக்க ஆரம்பித்தான். என் விரல்கள் மரத்துப் போய்க் கயிற்றைக்கூடப் பிடிக்க முடியவில்லை. கேபினுக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். ஜன்னல் கண்ணாடியில் பனித்தூள் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே வந்து கத்தினேன். "சாக்ஸ் மாத்துனியா?"

"மாத்திட்டேன்!"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மானுக்குக் கீழே நின்றவன் கிட்டே போனேன். கையெல்லாம் ரத்தம், புருவத்தில் பனி. "பூட்ஸக் காட்டு."

"மாத்திட்டேன்னு சொல்றேன்ல? சத்தியம் பண்ணணுமா? ஷம்சாத் ஏஜென்ட்டு மாதிரி உயிர வாங்காத!" என்று எரிந்து விழுந்தான். இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சரி என்று திரும்பினேன்.

ரோடெல்லாம் ஐஸ். அன்றைக்குக் கிளம்ப முடியவில்லை. கேபினிலும் குளிர் என்று பூட்ஸோடேயே கம்பளிக்குள் படுத்துக்கொண்டான். மறுநாள் காலை லேசாக நொண்டினான். கேட்டதற்கு, கட்டை இடறியது என்றான். ஐஸ் கரைந்ததும் கிளம்பினோம். வழியெல்லாம் யார் யாருக்கு எவ்வளவு கறி, நெஞ்சுக்கறியை ஷம்சாத் எப்படிச் சமைக்க வேண்டும் என்று வாய் ஓயாமல் பேசினான். நெற்றியில் மட்டும் வேர்வை அரும்பிக்கொண்டே இருந்தது, ஹீட்டர் வேலை செய்யாத டிரக்கில். ஸ்டியரிங்கை நான் வாங்கிக்கொண்டபோது அவன் மறுக்கவில்லை. எப்போதும் மறுக்கிறவன் மறுக்காததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

வீட்டு வாசலில் கூலர் பெட்டிகளைத் திறந்து காட்டினான். ஷம்சாத் கறியைப் பார்க்கவில்லை. அவன் நடையைப் பார்த்தாள்.

"கால் நனைஞ்சுதா?"

"கொஞ்சம். அப்பவே மாத்திட்டேன்."

அவள் நேராகப் போய் அவன் பையைத் திறந்தாள். மேலாகவே இருந்தது அந்தக் கவர். அவள் போட்ட இரட்டை முடிச்சு, போட்டபடியே இருந்தது.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. அவனைப் பிடித்துப் படிக்கட்டில் உட்கார வைத்து, பூட்ஸ் கயிறுகளை அவிழ்த்தாள். வலது கால் வந்தது, வெளுத்துப் போய். இடது பூட்ஸ் வரவில்லை. கத்திரிக்கோல் கொண்டுவந்து வெட்டினாள். சாக்ஸை உரித்தபோது தோலும் கூட வந்தது. விரல்கள் ஐந்தும் மெழுகும் மையும் கலந்த நிறம். நாற்றம் எட்டியது. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

ஹாஜா தன் காலை யாருடைய காலையோ பார்ப்பது மாதிரி பார்த்தான். "வலிக்கவே இல்ல ஷம்சாத்" என்றான். முதல் முறையாக அவன் குரலில் பெருமை இல்லை. பயம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். வலது கால் தப்பியது. இடது காலில் சீழ் பிடித்து மேலே ஏறத் தொடங்கியதும் வேறு வழியில்லை என்று கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் என்னைப் பார்த்து அவன் கேட்ட முதல் கேள்வி: "கறி எல்லா வீட்டுக்கும் போயிருச்சா? உயிர் இருக்கும்போதே அறுத்ததுன்னு சொல்லிக் குடுத்தியா?"

"குடுத்தேன்டா, குடுத்தேன்" என்றேன். அவனை நாலு அறை அறைய வேண்டும் போலவும், கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. ஷம்சாத் ஒரு துண்டுகூட வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

அப்போது நர்ஸ் வந்து போர்வையைச் சரிசெய்தாள். பாதம் சில்லென்றிருக்கிறது, கனமாக ஏதாவது சாக்ஸ் இருந்தால் போட்டுவிடுங்கள் என்றாள். ஷம்சாத் தன் கைப்பையிலிருந்து அந்த பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று. அவ்வளவு இறுக்கமாகப் போட்டிருந்தாள். ஒரு சாக்ஸை அவன் வலது காலில் மாட்டி, கணுக்கால் வரை இழுத்துவிட்டாள். இன்னொன்றை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.