ஏழாம் மாத ரவிக்கை

குண்டுப் பெண் எப்படி உடுத்திக்கொள்ள வேண்டும் என்பதை நான் கண்ணால் பார்த்திராத ஒருத்தியிடம் கற்றுக்கொண்டேன். அதுவும் அவள் செத்துச் சில வருடங்கள் ஆன பிறகு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

என் உடம்பு அப்படி. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டமே மரவள்ளிக்கிழங்கைத் தின்று எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது, நான் மட்டும் அதே கிழங்கைத் தின்று உருண்டு திரண்டு நின்றேன். "நீ எங்கடி திருடித் திங்கிற?" என்று கேட்காத ஆள் இல்லை. தண்ணீரைக் குடித்தாலும் ஊதுகிற உடம்பு என்று அம்மா எனக்காகச் சண்டை போடுவாள்.

பருமனைவிடப் பெரிய தொல்லை ரவிக்கை. அப்போதெல்லாம் தையற்காரர் பெண்பிள்ளை மேல் நாடா வைத்து அளக்க மாட்டார். பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொடுத்தால் அதைப் பார்த்து அச்சாகத் தைத்துக் கொடுப்பார். என் அளவு ரவிக்கையோ அம்மாவுடையதைப் பிரித்துத் தைத்தது. அக்குளில் பிடிக்கும், முதுகில் தொங்கும். அதைப் பார்த்துத் தைத்த புதியதும் அக்குளில் பிடிக்கும், முதுகில் தொங்கும். பால் வெட்டக் கையைத் தூக்கினால் 'டர்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே நான் எந்த மரத்தில் நிற்கிறேன் என்று பக்கத்து நிரைக்காரிகள் சொல்லிவிடுவார்களாம்.

எங்கள் தோட்டம் பாடாங் மேஹா பக்கம். ஜப்பான்காரன் போன மறு வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கோலா கெத்திலுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம். மாப்பிள்ளை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மாதான் எழுந்து என்னிடம் வந்தாள். குச்சியாக மெலிந்தவள். சாக்கை வெட்டித் தைத்த ரவிக்கை போட்டிருந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. கட்டிக்கொள்வது போலக் கையைப் பின்னால் கொண்டுபோய் என் முதுகில் சாண் வைத்தாள். பிறகு தோளிலிருந்து முழங்கை வரை விரலால் அளந்தாள்.

"இவதான்," என்றாள்.

மாடு வாங்குகிறவன்கூட இதைவிட அதிகம் விசாரிப்பான் என்று அம்மா பிறகு முணுமுணுத்தாள். எனக்கு அந்தக் கை பட்ட இடம் அன்று முழுவதும் சில்லென்று இருந்தது.

கல்யாணமான வாரமே என் ரவிக்கை குழாயடியில் கிழிந்தது. என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தாள். திறந்ததும் அந்துருண்டை வாசம் வீடு முழுக்க அடித்தது. உள்ளே மடிப்புக் கலையாமல் ரவிக்கைகள் அடுக்கியிருந்தன. ஊரே சாக்கையும் கொசுவலையையும் உடுத்திக்கொண்டு திரிந்த காலத்தில் அந்தப் பெட்டியை அவள் விற்கவும் இல்லை, அதிலிருந்து எடுத்து உடுத்தவும் இல்லை. மேலே இருந்த பச்சையை எடுத்து நீட்டினாள்.

"போட்டுக்க தாயி."

போட்டேன். கொக்கி மாட்டினேன். கையைத் தூக்கினேன். சத்தம் வரவில்லை. மறுபடியும் தூக்கினேன். அக்குளில் வெற்றிலை அளவுக்கு ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தது. அதனால்தான் பிடிக்கவில்லை. கை முழங்கை வரை இறங்கியிருந்தது. மேலே நிறுத்தியிருந்தால் சதை பிதுங்குவதுதான் கண்ணில் படும். பூ சின்னப் பூ, கழுத்து சற்றே இறக்கம். தையலுக்கு உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடித்து விட்டிருந்தது, உடம்பு ஏறினால் பிரித்துக்கொள்ள. வெட்கப்பட்டு இறுக்கிக் கட்டுகிறவளின் துணி இல்லை அது. தன் உடம்போடு சண்டை இல்லாத ஒருத்தியின் துணி.

எங்கள் கண்ணாடி கையகலம்தான். அதைச் சுவரில் மேலும் கீழும் நகர்த்தி என்னைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டேன். அழகாக இருந்தேன். பிறந்ததிலிருந்து அன்றுதான் அப்படித் தோன்றியது. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை.

அப்படியே குழாயடிக்குப் போனேன். அங்கிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாரும் நகர்த்தவில்லை. லயத்து வரிசை வீடுகளில் ஒரு கிழட்டு நாய் உண்டு. என்னைக் கண்டால் குரைக்கும். அன்று வாலைக் குழைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. நான் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்ததும் அது பின்வாங்கி, ஊளையிட்டபடி வீட்டுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது.

பக்கத்து வீட்டு அக்கா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒனக்கு யாரும் சொல்லலியா? இது ஒன் நாத்தனா ரவிக்க. ஒன் புருஷனுக்கு அக்கா. ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாலயே வயித்துப் புள்ளையோட போயிட்டா. ஏழு மாசம். காலெல்லாம் வீங்கி, ஜன்னி வந்து. பின்னால இருந்து பாத்தா அவளே நடந்து போற மாரி இருக்கு புள்ள."

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அம்மாகிட்ட மட்டும் கேட்டுடாத," என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த ரவிக்கையைக் கழற்றிக் கடாசியிருக்க வேண்டும். கழற்றவில்லை. வேறு துணி இல்லை என்பது ஒரு காரணம். பொருந்திய துணியை விட மனம் வரவில்லை என்பதுதான் உண்மையான காரணம்.

பிறகு நான் முழுகாமல் இருந்தேன். பச்சை ரவிக்கை பிடிக்கத் தொடங்கிய அன்று, நான் வாய் திறக்கும் முன்பே பாயின் மேல் மஞ்சள் ரவிக்கை ஒன்று மடித்து வைத்திருந்தது. அரை விரல் பெரியது. அது பிடிக்கத் தொடங்கியபோது சிவப்பு வந்தது. அப்போதுதான் கவனித்தேன், பெட்டியில் அவை அளவு வரிசைப்படி அடுக்கியிருந்தன. அவளும் இதே வேகத்தில்தான் பெருத்திருக்கிறாள். நான் போய்ச் சேரும் ஒவ்வொரு அளவிலும் அவள் எனக்கு முன்பே இருந்திருக்கிறாள்.

பால்மரக் காய்கள் வெடிக்கும் பருவம் அது. ஆள் இல்லாத நிரையில் 'டப்' என்று ஒன்று வெடிக்கும், விதை உருண்டு வந்து காலடியில் நிற்கும். முன்பெல்லாம் அதை நான் கவனித்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தேன்.

ஏழாம் மாதம் காப்பி நிற ரவிக்கை வந்தது. உள்ளே திருப்பிப் பார்த்தேன். மடித்து விட்டிருந்த துணி முழுவதும் பிரிக்கப்பட்டிருந்தது. பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. கொக்கிகளை விளிம்புக்கே நகர்த்தியிருந்தாள். அக்குள் துண்டு ஓரத்தில் நூல் விட்டுப்போயிருந்தது. இதற்கு மேல் பெரிய ரவிக்கை பெட்டியில் இல்லை.

என் கால்களும் வீங்கத் தொடங்கியிருந்தன. பயந்தேன். சாதாரணப் பயம் இல்லை. அவள் போன வழியிலேயே நடந்து, அவள் நின்றுபோன இடத்துக்கு வந்துவிட்டேன் என்று உறுதியாக நம்பினேன். அத்தை வேறு அந்த நாட்களில் என் எதிரே வந்து உட்கார்ந்துகொள்வாள். என் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். மதியம் கண் அயர்ந்து விழித்தால் அவள் காது என் மூக்கருகில் இருக்கும். எதற்கோ காத்திருக்கிறாள் என்று தோன்றியது.

ஒருநாள் அவள் புல்வெட்டுக்குப் போன பிறகு பெட்டியைத் திறந்தேன். அடியில் விரித்திருந்த காகிதத்தைத் தூக்கினேன். அதற்குக் கீழே வெட்டாத துணி ஒன்று இருந்தது. கருநீலத்தில் கடுகு அளவு வெள்ளைப் பொட்டு. ஒரு ரவிக்கைக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிகம். அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, லாரி பிடித்துக் கோலா கெத்தில் போய், அங்கிருந்து பஸ் ஏறிச் சுங்கைப் பட்டாணிக்குப் போனேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் போட்டதைவிடப் பெரிய ஒரு ரவிக்கை.

கடைத்தெருவில் ஒரு பாய் கடை. முன்னால் துணி, பின்னால் தையல் மெஷின்.

"அளவு ரவிக்க கொண்டாந்தியாம்மா?"

"இல்ல பாய். என்னையே அளக்கணும்."

அவர் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் திரைக்குப் பின்னால் என் மேல் நாடாவைச் சுற்றினாள். நாடா சேர்ந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு துணியைப் பார்த்தாள்.

"நாப்பத்தி நாலு," என்றாள் மெதுவாக. "இந்தத் துணி நம்ம கடைதான். நான்தான் கிழிச்சுக் குடுத்தேன். அப்பவும் நாப்பத்தி நாலு. புள்ளத்தாச்சியில அவ்வளவு பெரிய அளவு அன்னைக்குத்தான் எடுத்தேன், அதான் மறக்கல. துணிய வச்சிட்டுப் போன்னேன். அம்மாகிட்டக் கேட்டுட்டு வந்து தைக்கக் குடுக்கிறேன்னு எடுத்துட்டுப் போச்சு. வரவே இல்ல." என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அது நீதானா?"

உண்மையாகவே ஒரு நொடி எனக்குத் தெரியவில்லை.

"இல்லக்கா," என்றேன் கடைசியில். "நான் வேற. ரெண்டு விரல் கூட வச்சு வெட்டுங்க."

"தொளதொளன்னு இருக்கும் லா. பாக்க நல்லாவா இருக்கும்?"

"பரவால்லக்கா."

பாய் தைத்து முடிக்கும் வரை முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயே மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீடு வந்து சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. அத்தை வாசற்படியில் நின்றாள். கருநீலத் துணியைத் தூரத்திலேயே கண்டுகொண்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வெட்டிட்டியா," என்றாள். "கொண்டாந்து மடியில வச்சா தாயி. மூச்சு முட்டுதும்மா, தைக்கக் குடுக்கவான்னு கேட்டா. இன்னும் ரெண்டு மாசந்தான, எதுக்குப் புதுசு, இருக்கறதப் பிரிச்சுப் போட்டுக்கன்னேன். பிரிச்சுப் போட்டுக்கிட்டா."

ஒரு ரவிக்கை யாரையும் கொல்லாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். அத்தனை வருடம் சாக்கைப் போட்டுக்கொண்டு திரிந்தவள் அவள்.

"ஒனக்கு அதுக்கு மேல எடுத்துக் குடுக்க எங்கிட்ட இல்ல," என்றாள். "அதான் ஒன்னயே பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தத் துணியத் தொட எனக்குக் கை வரல."

எனக்கு இருந்த அதே பயம்தான் எதிரே உட்கார்ந்திருந்த அவளுக்கும் இருந்திருக்கிறது. அது தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாதம் நிறைந்து எனக்கு மகள் நல்லபடியாகப் பிறந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் பிழைத்துக்கொள்வேன் என்று நம்பியது அந்தச் சாயங்காலம்தான். அத்தை எழுந்து வந்து என் அக்குள் ஓரத்தில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தாள். தாராளமாக நுழைந்தது.

"மூச்ச இழு," என்றாள். இழுத்தேன். "விடு." விட்டேன். "இன்னொரு தடவ."

இப்படி வெளிச்சம் போகும் வரை என்னை மூச்சு விடச் சொல்லிக்கொண்டே இருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. துணி ஏறி இறங்குவதையே பார்த்தாள். கடைசியில் அந்தத் துணியிடம் கேட்பது போல, "இப்ப சௌகரியமா இருக்கா கண்ணு?" என்றாள்.

என்னை அவள் தாயி என்றுதான் கூப்பிடுவாள். கண்ணு என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அந்தக் கேள்வி எனக்கானது இல்லை என்று தெரிந்தது. ஆனால் பதில் சொல்ல அங்கே வேறு யாரும் இல்லை.

"இருக்கும்மா," என்றேன்.