முதலில் சுகமில்லை என்பார்கள்

புலம்பெயர்ந்து வந்த ஹென்டர்சனில் விக்ரோறியாவைத் தெரியாத மன்னார்க்காரர் இல்லை. முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை. ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால், அதை உறவினரிடம் சொல்லும் பொல்லாத வேலையையும் எல்லோருமாக அவள் தலையில்தான் கட்டுவார்கள். எடுத்த எடுப்பில் சொல்லிவிட மாட்டாள். முதலில் 'சுகமில்லையாம்'. பிறகு 'ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம்'. அதன் பிறகு துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வாசலில் போய் நிற்பாள். அதற்குள் அந்த வீட்டார் பாதி அழுது முடித்திருப்பார்கள்.

அவளுடைய ஒரே தம்பி றொய்ஸ்டன் கனடாவில், மொன்றியலில் இருக்கிறான். கோடை பிறந்தால் அவன் கால் வீட்டில் தங்காது. வடக்கே, வனவிலங்குக் காப்புக் காட்டுக்குள் ஓர் ஏரி. யாரும் வெட்டிய குளமல்ல, தானாக உண்டானது. சுற்றிவரக் காடு, போன் வேலை செய்யாது. சின்ன வள்ளத்தில் தனியே போய் மீன் பிடிப்பான். மன்னார்க் கடலில் வளர்ந்த துரைக்கு ஏரி என்றால் இளக்காரம். மிதவை அங்கியைப் போட்டுக்கொள்ளாமல், அதன்மேல் உட்கார்ந்து படமெடுத்து, வீடு திரும்பியதும் அனுப்புவான். பார்க்கும்போதெல்லாம் விக்ரோறியா போன் போட்டுத் திட்டுவாள்.

அந்தத் திங்கட்கிழமை அவளுக்கு லீவு. மத்தியானம் றொய்ஸ்டனின் மனைவி துஷானி போனில் அழைத்தாள்.

"மச்சாள், பயப்பிடாதேங்கோ. இவருக்குக் கொஞ்சம் சுகமில்லை."

விக்ரோறியா எழுந்து நின்றாள்.

"என்ன நடந்தது?"

"ஏரியில வள்ளம் பிரண்டிட்டுது. தண்ணி சரியான குளிர். மற்ற வள்ளக்காரர் தூக்கி எடுத்து, இப்ப ஆஸ்பத்திரியில வச்சிருக்கினம்."

"அவனிட்டக் குடு."

"நித்திரை, மச்சாள். எழுப்ப வேண்டாமாம்."

"உண்மையைச் சொல்லு, பிள்ளை. எனக்கே இந்தக் கதையோ?"

துஷானி விம்மத் தொடங்கினாள். வேறென்ன வேண்டும்? விக்ரோறியா போனை வைத்துவிட்டாள். அது திரும்பத் திரும்ப அடித்தது; தொடவில்லை. எடுத்தால் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார்கள். எடுக்காதவரை தம்பி உயிரோடு இருக்கிறான்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். திறந்தாள். அதே நகரில் உள்ள கிளென்ஃபீல்டிலிருந்து, கோயிலில் பழக்கமான கிளறன்ஸும் அவன் மனைவி ஜனுஷாவும் வந்து நின்றார்கள். விக்ரோறியா பின்வாங்கினாள். இனி ஒரு படிதானே மிச்சம்!

"வாய் திறக்க வேண்டாம்! ஒண்டும் சொல்லாதேங்கோ!" என்று கத்தினாள்.

"அக்கா, நீங்கள் போன் எடுக்கிறீங்கள் இல்லையெண்டு துஷானிதான் எங்களை அனுப்பினவ" என்று கிளறன்ஸ் தன் போனை நீட்டினான். அவள் சுவரோடு ஒண்டிக்கொண்டாள். ஜனுஷாதான் அதைப் பிடுங்கி அவள் காதில் வைத்து அழுத்தினாள்.

ஓர் இருமல். பிறகு அடைத்துப்போன குரல்.

"அக்கா..."

அவள் போனை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள். ஏங்கி ஏங்கி அழுதாள். அந்தப் பக்கம் றொய்ஸ்டன் பயந்துபோனான்.

"அக்கா, ஏன் அழுறாய்? மறைக்காமல் சொல்லு. ஆர் செத்தது?"