ஏரியிலும் இறால், பங்கிலும் இறால்

பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கும் எங்கள் வீட்டில் கல்லூரி வரை படித்தவன் நான் ஒருவன்தான். வரும் ஆண்டில் எந்தத் துறை வளரும் என்று சொல்லும் உலகச் சந்தைக் கணிப்புகளைக் கைப்பேசியில் விடாமல் படிப்பேன். அப்படி ஒன்றில், அமெரிக்காவுக்கு இறால் ஏற்றுமதி கூடும் என்றிருந்தது. நமக்குத் தெரிந்த தொழிலாயிற்றே என்று, நைனா புது வலைக்காக வைத்திருந்த பணத்தைக் கேட்டு வாங்கி, ஓர் இறால் ஏற்றுமதி நிறுவனத்தின் பங்கில் போட்டேன்.

பழவேற்காடு மார்க்கெட்டில் இறால் விற்கும் என் அக்கா சிரித்தாள். "இன்னாடா, ஏரிலயும் எறா, போன்லயும் எறாவா? வேற எதுவுமே கெடைக்கலியா ஒனக்கு?"

"தெரிஞ்சதுலதான்கா போடணும்" என்றேன்.

சில மாதங்களில் அமெரிக்கா இறாலுக்கு வரியை உயர்த்தியது. பங்கு சரிந்தது. அதே வாரம், கரைக்கு வரும் வியாபாரியும் எங்கள் இறாலுக்கு விலையைக் குறைத்துவிட்டார். ஏரியில் வலை போட எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு முறை உண்டு. அதைப் பாடு என்போம். எங்கள் பாடு நெருங்கிவிட்டது, கையில் புது வலை இல்லை. பங்கை நஷ்டத்துக்கு விற்றதில் பாதி வலைதான் வாங்க முடிந்தது. மீதிக்குப் பழைய வலையைச் சேர்த்துக் கட்டினோம். "முடிச்ச இறுக்கிப் போடுடா" என்றார் நைனா.

கணிப்புகளை இன்றும் படிக்கிறேன். ஆனால் இறால் விலை விழும் நாளில் நான் வாங்க நினைக்கும் பங்கும் சேர்ந்து விழுமா என்றுதான் முதலில் பார்க்கிறேன். வலைப் பணத்தைத் தொடுவதில்லை. போன மாதம், பல துறைகளில் பிரித்துப் போடும் ஒரு ஃபண்டைப் பற்றி அக்காவிடம் சொன்னேன்.

"அதுல எறா கீதா?"

"நல்லா பாத்துட்டேன்கா, இல்ல."

"அப்ப என் பேர்லயும் கொஞ்சம் போடு" என்று சுருக்குப்பையை அவிழ்த்தாள்.