டோர் பேடு கழற்றுகிற சென்னகேசவன்

சென்னகேசவன் இறந்த பன்னிரண்டாம் நாள் காலையில் பாலவனத்தம் தங்கச்செல்வி தன் சிவப்புக் காரைக் கொண்டுவந்து, திருச்சுழி ரோட்டில் அவருடைய கடைக்கு முன்னால் நிறுத்தினார். நான்கு கதவுகளையும் விரியத் திறந்து வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப்போய் நின்றார்.

கடைக்குள் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்த சென்னகேசவனின் மகள் ஹேமலதா வெளியே வந்தாள். காருக்கு நாலடி தூரத்திலேயே நின்றுவிட்டாள். ஏதோ செத்துக் கிடக்கும் நாற்றம். அதற்கடியில் புளித்த மாவு வாடை.

தங்கச்செல்வி பருப்பு மண்டி நடத்துகிறவர். வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசித்தான் பழக்கம்.

“துட்டி வீட்டுப் பிள்ளைகிட்ட இதைச் சொல்லக் கூடாதுதான் தாயி. ஆனா சொல்லாம எங்க போக? மாசியில உங்கப்பாகிட்ட கார் கண்ணாடிக்குக் கறுப்பு பிலிம் ஒட்டுனேன். ரெண்டு மாசமா இந்த நாத்தம். சீட்டைக் கழட்டிக் கழுவியாச்சு, சாம்பிராணி போட்டாச்சு. எம் மக பிள்ளையத் தூக்கிட்டு இதுல ஏற மாட்டேங்குறா. அவுக கதவைப் பிரிச்சதுல இருந்துதான்.”

பிலிம் ஒட்டிய இன்னும் இரண்டு பேரிடமும் விசாரித்ததாகவும், ஒருவர் காரிலும் இதே வாடை என்றும் அவர் சொன்னார். ஊரில் பேச்சு தொடங்கிவிட்டது என்று ஹேமலதாவுக்குப் புரிந்தது. அப்பா விட்டுப்போனது ஒரு வாடகைக் கடையும், சுத்தமான வேலைக்காரர் என்ற பெயரும்தான். கடையை மாதக் கடைசியில் காலி செய்யப் போகிறார்கள். மிச்சம் பெயர்.

“எங்கப்பா வேலையில நாத்தம் வராதுக்கா. இந்த ஊருல டோர் பேடு கழட்டி வேலை பாத்தது அவர் ஒருத்தர்தான்” என்றாள். “இப்பவே உங்க முன்னால கழட்டுறேன். அவர் வேலைதான் காரணம்னா, அவர்கிட்ட ஒட்டுன அத்தனை பேருக்கும் நானே போன் போட்டுச் சொல்றேன்.”

எதிர்க்கடை ஜெயபாண்டி டீ கிளாசோடு ரோட்டைக் கடந்து வந்தான். அவனும் பிலிம் ஒட்டுகிறவன்தான். கதவின் உட்பக்கத்தை மூடும் அந்தப் பேடைக் கழற்றாமலே, கண்ணாடியின் அடி ரப்பருக்குள் பிளேடை விட்டுச் செருகி முக்கால் மணி நேரத்தில் காரை அனுப்பிவிடுவான். ஆறு மாதத்தில் பிலிமின் அடி ஓரம் சுருண்டு, அதில் மண் ஒட்டிக் கறுப்புக் கோடாக நிற்கும். அப்படிச் சுருண்ட ஓரத்தைப் பார்த்தால் சென்னகேசவன் கீழே துப்புவார்.

அருவருப்பு அவருக்கு உடம்போடு பிறந்தது. நெசவு நூலைத் தெருவில் பாவாக விரித்து, விறைப்பேற்றக் கஞ்சி போடும் வீட்டில் வளர்ந்தார். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். இருபத்திரண்டு வருஷம் விசைத்தறி ஓட்டினார். காலையில் காறித் துப்பினால் சளியோடு பஞ்சு நூல் நூலாக வரும். அதைப் பார்த்துப் பார்த்தே தறியை விட்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாற்பத்து மூன்று வயதில் மதுரைக்குப் போய், தன்னைவிட இருபது வயது இளையவனிடம் பிலிம் வேலை பழகிக்கொண்டு வந்து கடை போட்டார். டீக்கடைக் கிளாசில் வாய் வைக்க மாட்டார். சொந்தமாக ஒரு டம்ளர் வைத்திருந்தார், அதையும் குடிக்கும் முன் ஒருமுறை, குடித்த பின் ஒருமுறை கழுவுவார். அண்ணன் டீக்கும் சோப்புப் போட்டுத்தான் குடிப்பாரு என்று ஜெயபாண்டி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

பேடைக் கழற்றினால்தான் பிலிம் கண்ணாடியின் அடிவிளிம்பு வரைக்கும் ஒழுங்காக இறங்கும். தெளிக்கிற தண்ணீர் சுவிட்சுக்குள் போகாது. இது தொழில். சென்னகேசவன் அதோடு நிற்கவில்லை. பேடுக்குப் பின்னால், மழைத்தண்ணீர் காருக்குள் வராமல் தடுக்க ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். மேல் ஓரத்தை மட்டும் கொஞ்சம் விலக்கினால் போதும். அவர் முழுத்தாளையும் உரித்து, கதவின் வயிற்றுக்குள் கையை விட்டுத் துடைப்பார். அழுக்கு உள்ளே இருக்கிறது என்று தெரிந்த பிறகு மூடிவைக்க அவரால் முடியாது.

அங்கே என்னென்ன கிடந்தன என்பதை ஞாயிற்றுக்கிழமைகளில் மகளிடம் போனில் சொல்வார். பாக்கு எச்சில் உலர்ந்து செதில் செதிலாகப் பெயர்ந்தது. கண்ணாடி இடுக்கு வழியாக விழுந்து, பூஞ்சை முளைத்துக் கிடந்த பாதி வடை. ஒரு டாக்டர் கார்க் கதவின் பைக்குள் யாரோ வெட்டிப் போட்ட நகங்கள், கைநிறைய. வெளியே முகம் தெரிகிற அளவுக்குத் தேய்க்கிறவர்கள்தான் உள்ளே இப்படி என்பார். ஹேமலதா சென்னைப் பக்கம் கார்க் கதவுகள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். டிப்ளமா படித்தவள். கதவைத் தண்ணீருக்கடியில் நிறுத்திக் கசிகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அவளுக்கும் அந்த அருவருப்பு அப்படியே இறங்கியிருந்தது. இருவரும் நாற்றங்களைப் பற்றி நல்ல பசியோடு பேசுவார்கள்.

இப்போது அவள் டிரைவர் பக்கக் கதவின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கைப்பிடிக்குப் பின்னாலுள்ள மூடியை நெம்பி எடுத்தாள். இரண்டு ஸ்குரூ. கீழே ஒன்று. தட்டையான பிளாஸ்டிக் நெம்புகோலை ஓரத்தில் நுழைத்துச் சுற்றி வந்தாள். கிளிப்புகள் ஒவ்வொன்றாக விட்டன. ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை, ஒன்றுகூட மாற்றப்பட்டிருக்கவில்லை. ஜெயபாண்டிக்குக் கேட்கும்படி அதைச் சொன்னாள். பேடை மேல்நோக்கித் தூக்கி, சுவிட்சின் ஒயர் சாக்கெட்டைப் பிரித்து விலக்கினாள்.

நாற்றம் முகத்தில் அறைந்தது.

தாளின் அடிப்பகுதி கடித்துக் குதறப்பட்டிருந்தது. தாளுக்கும் தகரத்துக்கும் இடையில் கூடு. பஞ்சும் பிலிம் துண்டும் சவ்வுத்தாளும் சேர்த்து எலி மெத்தை போலச் செய்திருந்தது. அதில் சுண்டெலிக் குஞ்சுகள் ஐந்தோ ஆறோ செத்து, ஒன்றோடொன்று ஒட்டி, எது தலை எது வால் என்று தெரியாத கொழகொழப்பாகக் கிடந்தன. மேலே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. மூத்திரம் வழிந்து தகரம் துருவேறியிருந்தது.

தங்கச்செல்வி சாக்கடை ஓரம் போய் வாந்தி எடுத்தார்.

ஹேமலதா எலியைப் பார்க்கவில்லை. தாளின் ஓரத்தைப் பார்த்தாள். கம்பெனியில் வருகிற கறுப்புப் பசை அங்கே இல்லை. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுற்றிலும் வெளிறிய மஞ்சளில் ஏதோ தடவியிருந்தது. கடிபடாத மேல் ஓரத்தில் அது கட்டியாக உலர்ந்து, விரல் இழுத்த தடத்தோடு நின்றது. நகத்தால் கிள்ளி மூக்கருகில் கொண்டுபோனாள். மைதாவும் ஜவ்வரிசியும் காய்ச்சிய கஞ்சி. பாவுக்குப் போடும் கஞ்சி.

அவளுக்கு ஒரு போன் பேச்சு முழுதாக ஞாபகம் வந்தது. போன வருஷம் கார்த்திகை. உரித்த கறுப்புப் பசை மறுபடி ஒட்ட மாட்டேன் என்கிறது, வேறு எதைப் போட்டால் நிற்கும் என்று அப்பா கேட்டார். வேலை நேரம். பக்கத்தில் மேலாளர் நின்றார். தண்ணீரை உள்ளே விடாமல் ஒட்டுகிற எதையாவது போடுங்கள் நைனா, பிறகு கூப்பிடுகிறேன் என்றாள். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. பசையில் அரை சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் நூறு கதவுகளைத் திருப்பி அனுப்புகிறவள் அவள்.

கடையில் விற்கிற பசைகளின் நெடி அவருக்கு ஆகாது. வாந்தி வரும். அதனால் தனக்குத் தெரிந்த பசையை, கைக்குப் பழகிய சுத்தமான பசையை, அடுப்பில் காய்ச்சிக்கொண்டு வந்திருக்கிறார். இழை விறைப்பாக நிற்கும் பக்குவத்தில் காய்ச்சியிருக்கிறார். கதவின் அடியில் தண்ணீர் வடியத் துளைகள் உண்டு. சுண்டெலிக்கு அது வாசல். வடை கிடந்த இடத்தைத் துடைத்துவிட்டு, கதவைச் சுற்றிச் சோறு பூசி வைத்திருக்கிறார்.

ஜெயபாண்டி குனிந்து பார்த்தான். அவன் மாமியார் வீடும் தறிக்கார வீடு. பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினான்.

“பாப்பா, விடு. அந்தம்மா கார்ல பருப்பு மூட்டை ஏத்துறது ஊருக்கே தெரியும். எலி அதுக்கு வந்துச்சுன்னு சொல்லிரு. அண்ணன் போய்ச் சேந்துட்டாரு. அவர் பேரு அப்படியே இருக்கட்டும்.”

இத்தனை வருஷம் அப்பாவைக் கேலி செய்தவன். இப்போது அவன் முகத்தில் கேலி இல்லை. இரக்கம் இருந்தது, அது அவளுக்கு எலியைவிடக் குமட்டியது. அவன் சொன்னதில் பொய்யும் முழுசாக இல்லை. பின்சீட்டின் இடுக்கில் துவரம்பருப்பு கிடந்ததை அவளே பார்த்திருந்தாள். ஒரு வாக்கியம் போதும்.

தங்கச்செல்வி வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். “என்ன தாயி, எதுனால?”

“கஞ்சியை வச்சு ஒட்டியிருக்காருக்கா. அதைத் திங்கத்தான் எலி வந்திருக்கு. எங்கப்பா வேலைதான் காரணம்.”

தங்கச்செல்வி திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். முகத்தில் ஜெயித்த களை இல்லை. பிறகு, “அவுக கையைப் பாத்தா சாமிக்குப் படைக்கலாம் போல இருக்குமே” என்றார்.

நான்கு கதவுகளையும் பிரித்து, கூட்டை அள்ளி, கழுவி, காயவைத்து, சரியான பசையை விருதுநகரிலிருந்து வரவழைத்து ஒட்ட இரண்டு நாள் ஆனது. அம்மா நாகமணி மகளுக்கு வாசலிலேயே தண்ணீர் ஊற்றித்தான் வீட்டுக்குள் விட்டாள். ஹேமலதா சாப்பாட்டை வாய்வரை கொண்டுபோய்த் தட்டில் திரும்ப வைத்தாள்.

பிறகு அப்பாவின் போனை எடுத்து உட்கார்ந்தாள். வாடிக்கையாளர் பெயரை அவர் சேமிப்பதில்லை. ‘காரியாபட்டி வெள்ளை’, ‘டீச்சர் நீலம்’ என்று ஊரோ வேலையோ, அதோடு கார் நிறமும்தான். கார்த்திகைக்குப் பிறகு ஒட்டியவை இருபத்தாறு. ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரிச் சொன்னாள். கதவுக்குள் அப்பா கஞ்சி போட்டு ஒட்டியிருக்கிறார், எலி வரும், கொண்டுவாருங்கள், பிரித்துச் சரிசெய்து தருகிறேன். சிலர் திட்டினார்கள். ஒருவர் சிரித்து, பக்கத்திலிருந்தவரிடம் சொல்லி அவரும் சிரித்தது போனில் கேட்டது. நெஞ்சுவலி என்று மதுரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போய், காரியாபட்டி தாண்டுவதற்குள் முடிந்துவிட்ட மனிதரைப் பற்றி அந்த வாரமே பஸ் ஸ்டாண்டில், “கஞ்சிக் கேசவனா?” என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டார். அவள் பின்னால்தான் நின்றாள்.

பதினேழு கார்கள் வந்தன. ஆறில் கூடு இருந்தது. மற்ற பலவற்றில் கரப்பான், எறும்பு, பூஞ்சை. விடுப்பு முடிந்தது, இன்னும் பத்து நாள் கேட்டு வாங்கினாள்.

கடைசியாக வந்தவர் மல்லாங்கிணறு நவநீதகிருஷ்ணன், பள்ளிக்கூட வாத்தியார். எங்க காருல வாடையே இல்லம்மா, எதுக்கு வீணா என்று சொல்லிக்கொண்டேதான் சாவியைக் கொடுத்தார். அவள் பேடைக் கழற்றினாள்.

உள்ளே எதுவும் இல்லை. வாத்தியார் தினமும் காரை வெயிலில் நிறுத்துகிறவர். கஞ்சி கல்லாகக் காய்ந்திருந்தது. தாள் சுற்றிலும் ஓர் இடம்கூட விடாமல் ஒட்டி, தட்டினால் பறைபோல விறைப்பாக இருந்தது. ஓரத்தில் மூன்று விரல்களின் தடம் வளைவுகளில்கூடச் சீராகத் திரும்பிப் போயிருந்தது. இரண்டு இடங்களில் கட்டைவிரலை அழுத்தியிருந்தார். ரேகை தெரிந்தது.

வாத்தியார் எட்டிப் பார்த்தார். “நல்லாத்தானேம்மா இருக்கு. அப்படியே மூடிரு.”

“ஒரு மழை போதும் சார்” என்றாள் ஹேமலதா.

வாளியிலிருந்து வெந்நீரை மொண்டு ஓரமாக ஊற்றினாள். காய்ந்தது ஊறிச் சளிபோல இளகியது. புளித்த வாடை எழுந்தது. தகட்டால் சுரண்டினாள். சுரண்டச் சுரண்ட அது தகட்டில் நிற்காமல் கையில் ஏறி, விரலிடுக்கில் வழுவழுத்து, நகக்கண்ணுக்குள் போய் உட்கார்ந்தது. ரேகை இருந்த இடத்தையும் சுரண்டி, துணியால் இரண்டு தடவை துடைத்தாள். அடுத்த கதவுக்குப் போனாள்.