அவன் வராத கதை

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு டியூஷன் வகுப்பின் மேல்மாடியில் நாங்கள் கூடுவோம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலரை மணி. பத்துப் பேர் வந்தால் நல்ல கூட்டம். ஒருவர் எழும்பிக் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ரயில் போகும்போது சொல்பவர் வசனத்தின் நடுவில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். புதிதாக வந்தவர்கள் அந்த இடைவெளியில் கதையைத் தொலைத்துவிடுவார்கள்.

எங்களுக்கு மூன்று விதிகள் இருந்தன. தாள் பார்க்கக் கூடாது. போனில் பதியக் கூடாது. இன்னொருவருடைய வீட்டுக் கதையை அவரைக் கேட்காமல் சொல்லக் கூடாது. மூன்றாவதை முன்மொழிந்தவள் நான்.

நான் காலி நகருக்குப் போகும் காலி வீதியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். கண் பரிசோதித்து முடியும் வரை காத்திருப்பவர்களோடு கதைத்துக் கதைத்துப் பழகிய வாய் எனக்கு. குழுவில் நன்றாகச் சொல்கிறவள் என்ற பேர் இருந்தது. அந்தப் பேரில் எனக்கு ஆசையும் இருந்தது.

கிருலப்பனையிலிருந்து ஒரு அக்கா வருவார். ஐம்பத்தெட்டு, அறுபது வயதிருக்கும். ஒரு வருடமாக ஒரு கூட்டமும் தவறவிடவில்லை, ஆனால் ஒரு நாளும் எழும்பிக் கதை சொன்னதில்லை. கூட்டம் முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் பஸ் நிறுத்தம் வரை சேர்ந்து நடப்போம். அப்படி நடந்த ஒரு நாள் கேட்டார்.

"ஒரு கதையை எங்க இருந்து தொடங்கிறது எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"சொல்லுங்கோவன் அக்கா, பாப்பம்."

அவர் தன் தங்கையின் கதையைச் சொன்னார். ஒரே தடவையில் இல்லை. நாலைந்து ஞாயிறுகளில், துண்டு துண்டாக.

தங்கைக்குப் புற்றுநோய். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தது அக்காதான். தங்கைக்கு ஒரே மகன், கனடாவில் இருந்தான். அவனைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மகன் முதலில் லீவு இல்லை என்றான். பிறகு போனை எடுக்காமல் விட்டான். அதைத் தங்கையிடம் சொல்ல அக்காவால் முடியவில்லை. டிக்கெட் போட்டுவிட்டான் என்றார். அடுத்த நாள், சூட்கேஸ் அடுக்குகிறான், உனக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருக்கிறான், நிறம் நீலம் என்றார். அதற்கடுத்த நாள், பிளேன் ஏறிவிட்டான். பிறகு பிளேன் மாறுகிற டோஹா வரை கொண்டுவந்துவிட்டார். அதற்குப் பிறகு அவனை எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. மூன்று நாள் டோஹாவிலேயே வைத்திருந்தார். பிளேன் பிந்துது, மழை, எஞ்சினில் ஏதோ பிழை.

மூன்றாம் நாள் தங்கை கண்ணை மூடிக்கொண்டே சொன்னாளாம்: "அக்கா, பொய் எண்டாலும் வடிவாச் சொல்லு. மூண்டு நாளா டோஹாவில என்ன சாப்பிடுறான்?"

அக்கா பக்கத்தில் இருந்து அவன் சாப்பிட்டதையெல்லாம் சொன்னார். அன்று பின்னேரம் தங்கை இறந்துபோனாள். மகன் வரவில்லை.

"இதை ஒரு நாள் எல்லாருக்கும் முன்னால சொல்லோணும்," என்றார் அக்கா. "அதுக்காகத்தான் நான் இங்க வாறனான். இன்னும் கொஞ்சம் பழகினாப் பிறகு."

"கட்டாயம் சொல்லுங்கோ," என்றேன் நான்.

அந்த நேரத்தில்தான் எங்கள் குழுவை ஒரு மண்டபத்தில் பொது நிகழ்ச்சி செய்யச் சொல்லிக் கேட்டார்கள். நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். நான் ஐந்தாவதாகச் சொல்ல வேண்டும். கடையில் நடந்த ஒரு பகிடிக் கதையைத்தான் சொல்வதாகப் பேர் கொடுத்திருந்தேன். எனக்கு முன்னால் சொன்ன நாலு பேரையும் சனம் கவனிக்கவில்லை. பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள், ஆட்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மைக்கைப் பிடித்து, "என்ர சின்னம்மா ஆஸ்பத்திரியில இருந்தவ," என்று தொடங்கினேன்.

அந்த நேரம் தானாக வாயில் வந்துவிட்டது என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. இரண்டு கிழமையாகக் குளிக்கும்போது அந்தக் கதையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அக்காவுக்கு வத்தளையில் ஒரு கலியாண வீடு இருக்கிறது, வரமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

நீலச் சட்டை வந்த இடத்தில் சனம் அமைதியானது. டோஹா வந்தபோது ஒரு பிள்ளையும் அசையவில்லை. அப்போதுதான் கதவடியில் அக்காவைக் கண்டேன். கலியாணச் சேலையோடு, நேரே இங்கே வந்திருக்கிறார். கடைசி வரிசையில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்தார்.

நான் நிறுத்தியிருக்கலாம். வேறு பக்கம் திருப்பியிருக்கலாம். இது இந்த அக்காவின் கதை, மிச்சத்தை அவரே சொல்லட்டும் என்று கூப்பிட்டிருக்கலாம். இதெல்லாம் அந்த நிமிடத்திலேயே எனக்குத் தோன்றியது. ஆனால் நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு விட மனம் வரவில்லை. தங்கை கேட்ட கேள்வியைச் சொன்னேன். அதோடும் விடவில்லை. செத்த வீட்டன்று காலையில் வாசலில் ஒரு வான் வந்து நிற்கிறது, மகன் இறங்குகிறான், கையில் நீலச் சட்டை இருக்கிறது என்று முடித்தேன். அது நானாகச் சேர்த்தது. முன்வரிசையில் ஆட்கள் அழுதார்கள்.

எல்லோரும் வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போகும் வரை அக்கா காத்துக்கொண்டு நின்றார்.

"நல்லாச் சொன்னீங்கள்," என்றார்.

"அக்கா, நான் உங்களைக் கேட்டிருக்கோணும்..."

"அவன் வரேல்லயே." அவருடைய குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். "செத்த வீட்டுக்கும் வரேல்ல, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் வரேல்ல. நீங்கள் ஏன் அவனைக் கொண்டுவந்தனீங்கள்?"

"அவன் வராமலே முடிச்சாச் சனம் தாங்காது எண்டு நினைச்சன்."

"நான் தாங்கினனே," என்றார்.

அடுத்த கிழமை கிருலப்பனைக்கு அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். "ஒரு கரைச்சல் மட்டும் இருக்கு," என்றார். "இப்ப தங்கச்சியை நினைச்சா உங்கட குரலிலதான் வருது. அந்த வானும் வருது. உண்மையா வந்து நிண்டவன் மாதிரி அவன்ர முகமும் தெரியுது. இல்லை, அப்பிடி நடக்கேல்ல எண்டு நானே எனக்குச் சொல்ல வேண்டியிருக்கு."

குழுவில் எல்லோருக்கும் நடந்ததைச் சொன்னேன். கோபிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கோபிக்கவில்லை. கதை எல்லோருக்கும் பொதுதானே என்றார் எங்கள் தலைவர். அந்த அக்கா ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டா, நீங்கள் சொன்னதாலதான் அது வெளியில வந்தது என்றாள் இன்னொருத்தி. அதைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

நான் வற்புறுத்தியதால் அக்கா இன்னும் ஒரு முறை வந்தார். உங்கள் கதையை நீங்களே சொல்லுங்கோ, எல்லாரும் கேக்கிறம் என்று தலைவர் கூப்பிட்டார். அக்கா எழும்பி நின்று சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"என்ர தங்கச்சிக்கு ஒரு மகன். கனடாவில இருந்தவன். அவள் வருத்தமா இருக்கேக்க..."

சுற்றிப் பார்த்தார். எங்கள் எல்லோருடைய முகத்திலும், அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவர்களின் இரக்கம் இருந்தது. தலைகள் முன்கூட்டியே ஆடின.

"பிறகு உங்களுக்குத் தெரியுந்தானே," என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. மற்றவர்கள் என்னோடு முன்போலவே இருந்தார்கள், ஆனால் வீட்டுக் கதை சொல்வது நின்றுபோனது. எல்லோரும் ராஜா கதை, நரிக் கதைக்குப் போனார்கள். சில மாதம் கழித்து டியூஷன்காரர் அந்த அறையை ஞாயிறு வகுப்புக்கு எடுத்துக்கொண்டார். வேறு இடம் பார்ப்போம் என்றார்கள். ஒருவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அக்காவை இப்போதும் வெள்ளவத்தைச் சந்தையில் காண்பேன். சிரித்துக் கதைப்பார். மீன் விலை கூடினது, லிப்ட் பழுதானது, முழங்கால் நோவு, எல்லாம் சொல்வார். போன மாதம் துணிந்து, "தங்கச்சியின்ர திவசம் கிட்டடியிலதானே, அக்கா?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றார். பிறகு கையிலிருந்த கீரைக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் சிங்களத்தில் வேறு கட்டு இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினார். நான் சிறிது நேரம் நின்றேன். அவர் திரும்பவில்லை.