வண்டி வெட்டி இழுத்த வாரம்

என் கணவர் இறந்த மறுமாதம் அவருடைய வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி. வெளியூர், வெளிநாட்டு விருந்தாளிகளை கேட்டிலிருந்து ஷெட்டுக்கும், ஷெட்டிலிருந்து கேன்டீனுக்கும் ஏற்றிப்போக அங்கே ஒரு கோல்ஃப் வண்டி உண்டு. கடற்கரைப் பக்கம் மூடிப்போன ஏதோ ரிசார்ட்டிலிருந்து பழையதாக வாங்கிய பெட்ரோல் வண்டி. அதைத்தான் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். "ஸ்கூட்டி ஓட்டுவீங்களாம்மா?" என்று அட்மின் ஆபீசர் கேட்டார். ஓட்டுவேன் என்றேன். அவ்வளவுதான் இன்டர்வியூ.

அந்த நாட்களில் எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. காலையில் குன்றத்தூரில் கம்பெனி பஸ் ஏறுவேன், ஜன்னலோரம் உட்காருவேன், இறங்கச் சொன்னால் இறங்குவேன். குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று மகள்தான் சொல்லவேண்டும். பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுதுடுக்கா, உள்ளயே வெச்சிகினு இருக்காத" என்பார்கள். என்னமோ நான் வேண்டுமென்றே பூட்டி வைத்திருக்கிற மாதிரி! வந்தால் அழமாட்டேனா? உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை.

வண்டி முதல் நாளிலிருந்தே சரியில்லை. கிளம்பும்போது நன்றாகத்தான் கிளம்பும். ஷெட்டைச் சுற்றிக்கொண்டு கேன்டீன் பக்கம் திரும்பும்போது வெட்டி வெட்டி இழுக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் செத்துப்போகும், அடுத்த கணம் பாயும். பின்சீட்டில் இருப்பவர்கள் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். என் கணவரும் சொல்லியிருந்தார். கடைசி வாரம் சாப்பிடும்போது, "வண்டி ரொம்ப வெட்டுதுடி, இன்னான்னே புரியல" என்றார். எனக்கென்ன தெரியும்? ரசம் ஊத்தட்டுமா என்று கேட்டேன்.

கம்பெனியில் யாரும் வண்டியைக் குறை சொல்லவில்லை. என்னைத்தான் சொன்னார்கள். கேட் செக்யூரிட்டி, "இன்னாக்கா, காலு நடுங்குதா?" என்று சிரித்தான். அட்மின் ஆபீசர், "முட்டை மேல மிதிக்கிற மாதிரி மிதிக்கணும்மா" என்று பாடம் எடுத்தார். நீங்களே ஓட்டிக் காட்டுங்க சார் என்றேன். போன் வந்தது போல் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வேறு காலமாக இருந்தால் இரண்டு பேரையும் நிற்கவைத்துக் கேட்டிருப்பேன், என் வாய் அப்படிப்பட்ட வாய். அப்போது அதெல்லாம் வேறு யாரையோ சொல்வது போலத்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை அந்த ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை ஜப்பானிலிருந்து கஸ்டமர்கள் வருகிறார்களாம். அவர்கள் முன்னால் வண்டி இப்படி ஆடினால் மானம் போய்விடுமாம். அதற்குள் சரியாகாவிட்டால் இதைத் தள்ளிவிட்டு ஒரு பேட்டரி வண்டியை வாடகைக்கு எடுத்துவிடுவார்கள். "அதுக்கு டிரைவரையும் அவங்களே அனுப்பிடுவாங்கம்மா" என்றார். வண்டி போனால் நானும் போகவேண்டியதுதான். மகள் தண்டலத்தில் காலேஜ் படிக்கிறாள், வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. சரி சார் என்றேன். பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மெயின்டனன்ஸிலிருந்து ஒரு மெக்கானிக்கை அனுப்பினார்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், என்னைவிடக் கொஞ்சம் சின்னவர். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். கரி பிடித்திருந்தது, புதிது போட்டார். ஓட்டிப் பார்த்தோம், ஜம்மென்று ஓடியது. மத்தியானம் மறுபடி வெட்டியது. மறுநாள் ஏர் ஃபில்டரை மாற்றினார். அதற்கடுத்த நாள் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். ஒவ்வொரு தடவையும் அவர் பக்கத்தில் நிற்கிறவரைக்கும் வண்டி ஒழுங்காக ஓடும், அவர் போனதும் பழைய கதைதான். "நான் இருந்தா ஓடுது, போனா மக்கர் பண்ணுது. வண்டிக்கு எம்மேல ஒரு பிரியம் போல" என்றார். "அப்ப நீங்களே கூட்டிகினு போயி வெச்சுக்குங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை.

வியாழக்கிழமை ஆக்ஸிலரேட்டர் கேபிளை இறுக்கினார், பெல்ட்டையும் மாற்றினார். வழக்கம்போல சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியைத் திறந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "எக்கா, இன்னைக்கு இது வெட்டுத வரைக்கும் எறங்க மாட்டேன்" என்றார்.

சுற்றிச் சுற்றி வந்தோம். கடைசியில் வெட்டியது. அவர் குதித்து இறங்கி, சீட்டைத் தூக்கி மூடியைத் திருகினார். டேங்க் புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடிவிட்டு, "இப்ப எடுங்க" என்றார். எடுத்தேன், நோயே இல்லாதது போல் ஓடியது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "ஏங்க, ஒவ்வொரு தடவயும் நீங்க இந்த மூடியத் தொறந்து பாக்குறீங்க. நான் தொறக்கறதே இல்ல, பெட்ரோல் கூட காலையில ஸ்டோர்ஸ் ஆளுதான் ஊத்துறாரு" என்றேன்.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மூடியில காத்துப் போக ஒரு ஓட்ட இருக்கும்லாக்கா! பெட்ரோல் கொறையக் கொறைய உள்ள காத்து போவணும். அது அடச்சிட்டுன்னா பெட்ரோல் எறங்காது." ஓட்டையைத் தேடினோம். காணவில்லை. மூடியின் நடுவில் இருந்தது ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

ஆயுத பூஜைக்கு வைத்தது. பெரிய மெஷினிலிருந்து ஸ்பேனர் வரைக்கும் எல்லாவற்றுக்கும் வைப்பார்கள். வைத்த பொட்டை யாரும் துடைக்கமாட்டார்கள், தானாக உதிர்ந்தால்தான் உண்டு. இது சீட்டுக்கு அடியில் மழையும் கழுவலும் படாமல் கல்லாக இறுகிப்போயிருந்தது. "சாமிக்கு வெச்சதுல கை படக்கூடாதுன்னு ஓரத்தப் புடிச்சுல்லா தெறந்துட்டிருந்தேன்" என்றார் மெக்கானிக்.

குனிந்து பார்த்தேன். ஊரில் எல்லோரும் மோதிர விரலால் வைப்பார்கள். இது கட்டைவிரலால் அப்பி அழுத்தியது. ரேகை அப்படியே இருந்தது, ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடும் இருந்தது. என் கணவர் புரொடக்‌ஷன் லைனில் வேலை பார்த்த காலத்தில் தகடு கிழித்த தழும்பு அது. வீட்டிலும் பீரோ, கிரைண்டர், என் ஸ்கூட்டி என்று ஒன்றையும் விடமாட்டார். சந்தனத்தை அப்பு அப்பென்று அப்புவார், நான் கத்துவேன். இந்தப் பொட்டை வைத்த மறுவாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

மெக்கானிக் ஊக்கு இருக்கிறதா என்று கேட்டார். ஷாலில் குத்தியிருந்ததைக் கழற்றினேன். "குடுங்க, நான் எடுக்கேன்" என்று கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. காரியத்தன்று என் நெற்றியில் இருந்ததைச் சொந்தக்காரப் பெண்கள் அழித்தார்கள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதையும் அடுத்தவர் கையில் விடுவதா? நானே சுரண்டினேன். முதலில் அந்தக் கோடு போயிற்று, பிறகு ரேகை. பொடிப்பொடியாக மடியில் உதிர்ந்தது. அடியில் துளை தெரிந்தது, ஊக்கின் முனை உள்ளே இறங்கியது.

மறுபடி ஓட்டினேன். ஷெட்டைத் தாண்டி, கேன்டீனைத் தாண்டி, கேட் வரைக்கும் போய்த் திரும்பியும் வண்டி ஆடவில்லை. இனி ஜப்பான்காரர்கள் வரட்டும், வேலை தப்பித்தது. அந்த நினைப்பு வந்ததும் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "ஏய்யா, இவ்ளோ பெரிய வண்டியில பொட்டு வெக்க ஒனக்கு வேற எடமே கெடைக்கலியா? கண்ணு இன்னா பொடனியிலயா இருந்துச்சு?" என்று சத்தமாகக் கேட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் பதறிப்போய், "என்னையாக்கா சொல்லுதிய?" என்றார்.

"ஒங்கள இல்ல. எங்க வூட்டுக்காரர."

நான் இப்படிக் கத்தினால் அவர் சும்மா இருக்கமாட்டார். ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பார், அதற்கு நான் ஒன்று சொல்வேன். அதனால் அவர் பேசட்டும் என்று வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனபிறகுதான், அவர் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.