வாத்துக் கும்மி

எங்கள் ஊரான தாமுவேயில் கோவில் பொங்கல் விழாவுக்குப் பெண்கள் வாத்துக் கும்மி அடிப்பார்கள். பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வரும் காட்டு வாத்துகளைப் பார்த்து எந்தக் காலத்திலோ யாரோ கட்டிய ஆட்டம். அம்புமுனை மாதிரி ஒருத்தி முன்னால், மற்றவர்கள் இரண்டு சாய்ந்த வரிசையாகப் பின்னால். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் "காத்து மாறுது!" என்று கூவுவார்கள். முன்வாத்து கடைசிக்குப் போக, அடுத்தவள் முன்னே வருவாள். எதிர்க்காற்று முழுக்க முன்வாத்தின் மேல்தான் அடிக்குமாம். அதிலெல்லாம் எனக்கு அக்கறை இல்லை. முன்னால் நிற்பவளைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் மலேசியாவிலிருந்து அத்தை லீவில் வந்திருந்தாள். அப்பா காலமான பிறகு அவருடைய இந்த அக்காதான் அங்கே ஒரு ஹோட்டலில் துணி வெளுத்து எங்களைக் காப்பாற்றி வந்தாள். கடைசிப் பாட்டுக்கு அத்தைதான் முன்வாத்து என்று பள்ளிக்கூடம் பூராவும் பீற்றிக்கொண்டிருந்தேன். மேடைப்படியில் அவள் காலை இழுத்து இழுத்து ஏறினாள். புதுச்செருப்பு கடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் "காத்து மாறுது!" என்று கூவினார்கள். முன்னால் நின்ற அம்மா நகரவில்லை. மறுபடியும் கூவினார்கள். அத்தை வந்து அவள்மேல் இடித்துக்கொள்ள, பின்வரிசையே சிக்கிக்கொண்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"நகரு புள்ள, என் முறை" என்றாள் அத்தை.

"நீங்க பின்னால வாங்க அண்ணி. இனிமே நான் பாத்துக்கிறேன்."

மேடைக்குக் கீழே முதல் வரிசையில் இருந்த எனக்கு அது நன்றாகவே கேட்டது. அவமானத்தில் அழுகை வந்துவிட்டது. எங்கம்மாவுக்கு இப்படி ஒரு முன்வரிசை ஆசையா? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மாவை விட்டு விலகி, அத்தை கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

விழா முடிந்து சில வாரத்தில் விமான நிலையத்துக்குப் போனோம். பெட்டி அத்தையுடையதுதான், ஆனால் கையில் பாஸ்போர்ட்டோடு அதை உள்ளே தள்ளிக்கொண்டு போனவள் அம்மா. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"எப்பவும் அத்தை இடத்தையே புடுங்கிக்கிறியேம்மா!" என்று கத்தினேன்.

அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். திட்டு வாங்கியவள் சிரிக்க, யாருக்காகப் பரிந்து பேசினேனோ அந்த அத்தை ஏன் அப்படித் தேம்பித் தேம்பி அழுதாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.